ஊவா மலைச் சரிவும் தாயக் கணிப்பும்: கணிப்பு நூலகங்களின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை, ஹல்துமுல்ல வழியாக ஏறிவரும் பெருந்தெரு பெரகல சந்தியில் இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை அப்புத்தளை, பண்டாரவளை வழியாக ஹாலிஎலவை அடைந்து பதுளையை நோக்கிச் செல்லும். மற்றது மலைச்சரிவோடு ஒட்டி இறங்கி, கொஸ்லந்த வழியாக வெல்லவாயவைச் சேரும். இவ்விரண்டாவது வழியில், கொஸ்லந்தையை அண்டிய மீரியபெத்தத் தோட்டத்தில், 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் நாட் காலையில் மலைச்சரிவு பெயர்ந்து லயன் குடியிருப்புகளை மூடிற்று. அச்சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அதற்கு முன்னரே எச்சரித்திருந்தமை பின்னர் பரவலாக எடுத்துப் பேசப்பட்டது.

கணனி நூலகங்களின் வரலாற்றை இந்த மலைச்சரிவில் தொடங்குவது சிலருக்குப் புதுமையாகத் தோன்றலாம். ஆயினும், ஒரு சரிவு நிலைத்து நிற்குமா பெயர்ந்து விழுமா என்று கணிக்கப் புகுவோர் இறுதியில் வந்து சேரும் இடம், ஆயிரக்கணக்கான தெரியாக் கணியங்களைக் கொண்ட ஒருங்கமை சமன்பாடுகளின் தொகுதி ஒன்றேயாகும். அத்தொகுதியை விரைந்து தீர்க்கும் கருவிகள் இன்று எவரும் பணமின்றிப் பெற்று லினக்ஸ் பணிசெயல் முறைமையில் நிறுவிக்கொள்ளக் கூடியனவாக உள்ளன. அக்கருவிகள் எவ்வாறு தோன்றின, அவற்றை நிறுவுகையில் நடப்பது யாது, பெரகலவைச் சூழ்ந்த மலைநாட்டுக்கும் அவற்றுக்கும் உள்ள தொடர்பு யாது என்பனவற்றை ஆராய்வதே எமது நோக்கம்.

கலைச்சொற்கள் பற்றி முதலிற் சிறிது கூறல் வேண்டும். தமிழகத்துப் பாடநூல்கள் 'அணி' என்று வழங்குவதை இலங்கைப் பாடநூல்கள் 'தாயம்' என்கின்றன. அங்கு 'நேரியல்' எனப்படுவது இங்கு 'ஏகபரிமாணம்' ஆகும். அங்கு 'அணிக்கோவை' என்பது இங்கு 'துணிகோவை'. கடலின் இரு கரைகளிலும் ஒரே மொழியிற் கணிதம் கற்கும் மாணவர் இருவர் ஒருவர் நூலை மற்றவர் எடுத்தால் முதற் பக்கத்திலேயே தடுமாற நேர்கின்றது. இக்கட்டுரையில் நாம் இலங்கை வழக்கையே கைக்கொள்கிறோம். தாயம் என்றவுடன் தாயக்கட்டையும் கட்டம் வரைந்த பலகையும் நினைவுக்கு வருமாயின் அதனாற் குற்றமில்லை. கட்டங்களில் எண்களை அடைத்து வைப்பதே ஈண்டும் தொழில்.

தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் செக்ரோல் ஏடு தாயத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு. பெயர்கள் நிரைகளாகவும் நாட்கள் நிரல்களாகவும் அமைய, ஒவ்வொரு கட்டத்திலும் ஒருவர் ஒரு நாளிற் பறித்த கொழுந்தின் நிறை பதியப்படுகின்றது. நாளுக்கு நாள் மாறும் விலையை ஒரு நிரலாக எழுதி ஏட்டோடு பெருக்கினால் ஒவ்வொருவருக்கும் சேரவேண்டிய கூலி கிடைக்கும். இது தாயத்தைக் காவியாற் பெருக்குதல். விலைப்பட்டியல் பலவாயின் அது தாயத்தைத் தாயத்தாற் பெருக்குதல். இவ்வெளிய செயலே நாம் கூறப்போகும் வரலாறு முழுவதற்கும் அச்சாணி. பெருக்கலை மறுதலையாகக் கேட்டால், அதாவது கூலித் தொகைகள் தெரிந்திருக்க விலைகளைக் கண்டுபிடி என்றால், அது ஒருங்கமை சமன்பாடுகளைத் தீர்த்தலாகும். பள்ளியில் நாம் கற்கும் நீக்கல் முறை இதற்கு உதவும். தெரியாக் கணியம் இரண்டாயின் வேலை அரைப் பக்கத்தில் முடியும். எண்ணிக்கை இருமடங்காகும்போது வேலை ஏறக்குறைய எட்டு மடங்காவதே இதிலுள்ள இடர்.

இவ்விடரை முதலிற் பெருமளவில் எதிர்கொண்டோர் நில அளவையாளராவர். முக்கோணம் முக்கோணமாக நாட்டை அளந்து செல்லும்போது கோணங்கள் தேவைக்கு அதிகமாக அளக்கப்படுகின்றன. அளவைகளோ முற்றும் பொருந்துவதில்லை. பிழைகளின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை மிகச் சிறிதாகுமாறு இடங்களைத் தெரிவு செய்யும் இழிவு வர்க்க முறையைக் கவுசு 1809 இல் வெளியிட்டார். பின்னர் 1820 களில் ஹனோவர் நாட்டை அளந்தபோது அம்முறையைத் தாமே பயன்படுத்தினார். அம்முறை ஒவ்வொரு முறையும் ஒருங்கமை சமன்பாட்டுத் தொகுதி ஒன்றையே கணிப்போர் கையிற் கொடுக்கும்.

தமிழ்நாட்டில் இவ்வளவை தொடங்கிய இடம் பலரும் அறிந்ததே. 1802 இல் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலைக்கு அண்மையில் அடிக்கோட்டை அளந்தார். அதற்கு முன்னரே, 1794 இல், சென்னையில் நில அளவைப் பள்ளி ஒன்று நிறுவப்பட்டிருந்தது. கிண்டிப் பொறியியற் கல்லூரி அதன் வழிவந்தது. லாம்டன் தொடக்கிய பெரு முக்கோண அளவை இந்தியா முழுவதும் பரவி முடிந்த காலத்தில், எல்லா அளவைகளையும் ஒருசேரச் சரிசெய்வதற்கு வேண்டிய சமன்பாடுகள் கையாற் கணிப்போரால் ஒரே முறையில் தீர்க்கவியலாத அளவுக்குப் பெருகிவிட்டன. ஆகவே நாட்டை ஐந்து பகுதிகளாக வகுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே சரிசெய்து, ஒன்றின் விளைவை மற்றதற்கு எல்லையாக வைத்து இணைத்தனர். நான்கு பகுதிகள் நாற்கரங்கள். தென்னாடு மட்டும் தெற்கு முக்கோணம் எனப் பெயர் பெற்றது. பெரிய தாயத்தைத் துண்டு துண்டாக்கிக் கையாளும் இந்த உபாயத்தை மறவாது வைத்துக்கொள்க. நூறாண்டு கழித்து, மனிதக் கணிப்பாளரின் இடத்தைக் கணனியின் பதுக்கு நினைவகம் பிடித்துக்கொள்ள, அதே உபாயம் மீண்டும் வருகின்றது.

இலங்கையில் நில அளவைத் திணைக்களம் 1800 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2 ஆம் நாள் தொடங்கப்பட்டது. 1930 ஐ ஒட்டி வகுக்கப்பட்ட கந்தவள ஆதாரம் நீண்ட காலம் நாட்டுப் படங்களுக்கு அடித்தளமாயிருந்தது. படங்களின் ஆள்கூறுகள் பீதுருதாலகால மலையைத் தொடக்கமாகக் கொண்டு எண்ணப்பட்டன. 1999 இல் செய்மதி அளவைகளைக் கொண்டு புதிய தேசிய ஆதாரம் ஒன்று வகுக்கப்பட்டபோது, அதற்குரிய தள நிலையமாக அமைந்தது தியத்தலாவையில் உள்ள நில அளவை, படமாக்கல் நிறுவகத்தின் நிலையமேயாகும். அது பெரகல சந்தியிலிருந்து அப்புத்தளையைக் கடந்து சென்றால் எட்டிவிடும் இடம். தியத்தலாவை என்றால் படைமுகாமும் 1900 இல் அங்குக் கொணரப்பட்ட போயர் கைதிகளும் மட்டுமே பலருக்கு நினைவு வருவதுண்டு. இந்நாட்டு நில அளவையாளர் தலைமுறை தலைமுறையாக இழிவு வர்க்கக் கணிப்பைக் கற்ற இடமும் அதுவே என்பதை நாம் மறந்துவிடுகிறோம். ஊவா மலைநாட்டுக்குத் தாயக் கணிப்பு அயலிலிருந்து வந்த புதுப்பொருளன்று.

நில அளவையிலிருந்தே பிறந்து, இன்று ஒவ்வொரு கணிப்பு நூலகத்திலும் வாழும் முறை ஒன்றைப் பற்றி ஈண்டுச் சற்று விரிவாகக் கூறல் தகும். அந்திரே லூயி சொலெஸ்கி என்பவர் 1875 இற் பிறந்த பிரெஞ்சுப் பீரங்கிப் படை அதிகாரி. படையின் புவி அளவைப் பிரிவிற் கடமையாற்றி, கிரேத்தாத் தீவிலும் அல்சீரியாவிலும் துனீசியாவிலும் அளவைப் பணி செய்தவர். இழிவு வர்க்க முறை தரும் தாயம் சமச்சீரானது. மூலைவிட்டத்தின் ஒரு பக்கத்தில் உள்ளதே மறுபக்கத்திலும் உள்ளது. ஆகவே அதனைக் கீழ்முக்கோணத் தாயம் ஒன்றினதும் அதன் நிரைநிரல் மாற்றினதும் பெருக்கமாக எழுதிவிடலாம் என்று சொலெஸ்கி கண்டார். அங்ஙனம் எழுதினால் வழக்கமான நீக்கலின் வேலையிற் பாதியே போதும். முக்கோணத் தாயம் கைவந்தபின் விடைகளை ஒன்றன்பின் ஒன்றாக எளிதிற் பெறலாம். 1910 டிசெம்பர் 2 ஆம் திகதியிட்ட கையெழுத்துப் பிரதியில் இம்முறையை அவர் விளக்கினார். அச்சேற்றவில்லை. 1918 ஆகஸ்ட் 31 ஆம் நாள் போர்க்களத்திற் பட்ட காயங்களால் இறந்தார். அவருடன் பணியாற்றிய பெனுவா என்னும் அதிகாரி 1924 இல் அம்முறையை வெளியிட்டிராவிடின் அது அவர் பெயரால் வழங்கியிருக்குமா என்பது ஐயமே. கைப்பிடி சுழற்றும் கணிப்பொறிக்காக ஒரு படை அதிகாரி வகுத்த முறை, சரிவுகளின் உறுதியைக் கணிக்கும் செய்நிரல்களின் உள்ளேயும் இன்று ஓடிக்கொண்டிருக்கின்றது.

இலத்திரனியற் கணனிகள் தோன்றியபோது புதியதோர் அச்சம் எழுந்தது. ஒவ்வொரு பெருக்கலிலும் கடைசி இலக்கம் மட்டந்தட்டப்படுவதால், பல இலட்சம் செய்கைகளுக்குப் பின் விடையில் எதுவும் மிஞ்சாது போய்விடுமோ என்பதே அது. 1947 இல் வொன் நொய்மானும் கோல்ட்ஸ்டைனும், 1948 இல் அலன் தூரிங்கும் இதனை ஆராய்ந்தனர். தூரிங்கின் கட்டுரையிலேயே நீக்கல் முறை இரு முக்கோணத் தாயங்களின் பெருக்கமாகத் தெளிவுறக் காட்டப்பட்டது. இங்கிலாந்தின் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தில் வில்கின்சன் இவ்வச்சத்தைப் பெருமளவு நீக்கினார். அவரும் ரைன்சும் 1971 இல் வெளியிட்ட கைந்நூலிலிருந்து அமெரிக்காவின் ஆர்கோன் ஆய்வுகூடத்தில் ஐஸ்பாக் என்னும் தொகுப்பு பிறந்தது. அதனைத் தொடர்ந்து 1979 இல் லின்பாக் வெளிவந்தது.

அதே 1979 ஆம் ஆண்டு லோசன், ஹன்சன், கின்கெய்ட், குரோக் ஆகிய நால்வர் 38 சிறு துணைச்செய்நிரல்களை வகுத்து வெளியிட்டனர். அடிப்படை ஏகபரிமாண அட்சரகணிதத் துணைச்செய்நிரல்கள் என்பதன் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கமே பிளாஸ். இவ்வரலாற்றில் இதுவே திருப்புமுனை என்பது எமது கருத்து. அவர்கள் வகுத்தது வேகமான செய்நிரலை அன்று, பெயர்களையும் உடன்படிக்கையையும். இன்ன பெயரில் அழைத்தால், இன்ன ஒழுங்கில் எண்களைக் கொடுத்தால், இன்ன விடை கிடைக்கும் என்பதே உடன்படிக்கை. உள்ளே வேலையை எவ்வாறு செய்வதென்பது கணனியை அறிந்தவன் பொறுப்பு. லின்பாக் இவ்வுடன்படிக்கையை நம்பி எழுதப்பட்டது. கணனி மாறினாலும் மேலுள்ள செய்நிரல் மாறவேண்டியதில்லை. கீழுள்ள நூலகத்தை மட்டும் மாற்றினாற் போதும். இன்று லினக்ஸில் நூலகம் நிறுவும் தொழில் முழுவதும் இவ்வொரு கருத்தின் மேலேயே நிற்கின்றது.

ஆயின் 1979 இன் பிளாஸ் காவிகளை மட்டுமே கையாண்டது. அடுத்த பத்தாண்டில் செயலிகள் நினைவகத்தைக் காட்டிலும் மிக வேகமாயின. எண்ணைப் பெருக்குவதற்கு ஆகும் நேரத்தினும் அவ்வெண்ணை நினைவகத்திலிருந்து கொண்டுவர ஆகும் நேரம் பன்மடங்காயிற்று. இதனை விளங்கிக்கொள்ள ஊவாவின் தேயிலை மலைக்கே செல்வோம். கொழுந்து பறிப்பவர் ஒவ்வொரு கொழுந்தையும் பறித்தவுடன் மடுவத்துக்கு ஓடி நிறுத்துவிட்டு வருவாராயின் அன்று பேர் விழாது. கூடை நிறையும்வரை ஒரே நிரையிற் பறித்து, நிறைந்தபின் ஒருமுறை மடுவத்துக்குச் செல்வதே முறை. செயலிக்கு அருகிலுள்ள பதுக்கு நினைவகம் கூடை. தொலைவிலுள்ள பிரதான நினைவகம் மடுவம். ஆயிரம் நிரையும் ஆயிரம் நிரலும் கொண்ட தாயங்கள் இரண்டைப் பெருக்க ஏறக்குறைய 200 கோடி செய்கைகள் வேண்டும். ஆனால் மூன்று தாயங்களிலும் உள்ள எண்களோ 30 இலட்சம் மட்டுமே. ஒவ்வோர் எண்ணும் பல நூறு முறை பயன்படுகின்றது. ஆகவே தாயத்தைக் கூடைக்குள் அடங்கும் துண்டுகளாக்கி, ஒரு துண்டை உள்ளே கொணர்ந்தபின் அதனால் ஆகக்கூடிய வேலை அனைத்தையும் முடித்துவிட்டே வெளியே விடவேண்டும். காவியைக் காவியாற் பெருக்கும்போது இவ்வாய்ப்பு இல்லை. ஒவ்வோர் எண்ணும் ஒரே முறைதான் பயன்படும். 1988 இல் தாயத்தைக் காவியாற் பெருக்கும் இரண்டாம் படிநிலையும், 1990 இல் தாயத்தைத் தாயத்தாற் பெருக்கும் மூன்றாம் படிநிலையும் பிளாஸோடு சேர்ந்ததன் காரணம் இதுவே. லின்பாக்கையும் ஐஸ்பாக்கையும் இம்மூன்றாம் படிநிலைக்கு ஏற்பத் திருத்தி எழுதியதே 1992 இல் வெளிவந்த லாபாக்.

மாதிரிக்காக எழுதப்பட்ட பிளாஸ் நெட்லிப் என்னும் களஞ்சியத்திலிருந்து கிடைத்தது. 1985 இலேயே மின்னஞ்சல் வழியாகச் செய்நிரல்களை வேண்டுவோர்க்கு அனுப்பிய களஞ்சியம் அது. அம்மாதிரி சரியானது, ஆனால் மெதுவானது. கூடையைப் பற்றி அது எதுவும் அறியாது. வேகமான நூலகங்களைக் கணனி செய்யும் கம்பனிகள் தத்தம் பொறிகளுக்கென எழுதி விற்றன. விலைகொடுக்க இயலாதோர் நிலை யாது என்ற வினாவுக்கு 1990 களின் பிற்பகுதியில் டெனசிப் பல்கலைக்கழகத்தில் கிளின்ட் வேலியும் ஜாக் டொங்காராவும் கண்ட விடை அட்லஸ். அதன் கருத்து துணிவானது. கூடை எத்தனை பெரிது என்று மனிதன் ஆராய வேண்டாம். செய்நிரல் தானே பல துண்டளவுகளை ஓட்டிப்பார்த்து, நேரத்தை அளந்து, வேகமானதைத் தெரிந்துகொள்ளட்டும் என்பதே அது. அட்லஸை நிறுவப் புகுந்தவர் கணனியை மணிக்கணக்கில் அதனிடம் விட்டுவிட வேண்டும். செயலியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் மின்சிக்கன ஏற்பாட்டை முதலில் நிறுத்தவும் வேண்டும். இல்லாவிடில் அதன் அளவைகள் பொய்த்துவிடும். அளக்கும் கோல் நீண்டும் சுருங்கியும் போனால் நில அளவையாளன் படும் பாட்டை அட்லஸ் பட்டது.

அதற்கு நேர்மாறான வழியிற் சென்றவர் கசுஷிகே கோட்டோ என்னும் யப்பானியர். டோக்கியோவில் காப்புரிமை அலுவலகத்திற் பணியாற்றியவர். பின்னர் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்குச் சென்றவர். பொறிமொழிக்கு மிக நெருங்கிய ஒருங்குசேர் மொழியில், ஒவ்வொரு கட்டளையையும் கையால் அடுக்கி எழுதினார். அவருடைய நுண்மை மற்றோர் இடத்திலும் இருந்தது. பிறரெல்லாம் செயலிக்கு மிக அண்மையிலுள்ள சிறு பதுக்கு நினைவகத்தையே நோக்கியிருக்க, அவர் அடுத்த நிலையிலுள்ள பெரிய பதுக்கு நினைவகத்தில் துண்டை வைத்தார். நினைவக முகவரிகளைப் பெயர்க்கும் அட்டவணையில் தவறுதல் நேராதவாறு, எண்களை முன்கூட்டியே வரிசையாகப் பொதிந்தும் வைத்தார். இம்முறையை அவரும் வன் டி கைனும் 2008 இல் விரிவாக எழுதி வெளியிட்டனர். இயந்திரம் தானே தேடிக் கண்டதை ஒரு மனிதனின் கைவேலை வென்றது. எமது நோக்கில் இதனை அட்லஸின் தோல்வி என்று கூறுதல் நேர்மையன்று. கோட்டோ அறியாத பொறியிலும் அட்லஸ் ஓடும். கோட்டோவின் கை படாத பொறியில் அவர் நூலகத்தாற் பயன் சிறிதே.

கோட்டோவின் நூலகம் 2010 இல் கட்டற்ற உரிமத்தோடு வெளியிடப்பட்டது. அவர் அதனைத் தொடர்ந்து வளர்க்கவில்லை. 2011 இல் சீன அறிவியற் கழகத்தின் மென்பொருள் நிறுவனத்தைச் சேர்ந்த சாங் சியன்யி அதனைக் கையேற்று ஓப்பன்பிளாஸ் என்னும் பெயரில் தொடர்ந்தார். தனியொருவரின் கைவேலை பலர் சேர்ந்து பேணும் பொதுச்சொத்தாயிற்று. உரிமம் வேறாயிருந்திருப்பின் இக்கதை 2010 உடன் முடிந்திருக்கும்.

இவ்வேளையிற் சென்னைத் தரமணியில் நடந்த ஒன்றையும் குறிப்பிடல் வேண்டும். 1994 இல் அமெரிக்காவின் நாசா நிலையமொன்றில் ஸ்டெர்லிங், பெக்கர் ஆகியோர் சாதாரணக் கணனிகள் 16 ஐ லினக்ஸ் கொண்டு இணைத்து, பெயோவுல்ப் எனப் பெயரிட்டு, மீக்கணனியின் வேலையைச் சிறு செலவிற் செய்து காட்டினர். பத்தாண்டின் பின், 1962 இல் அல்லாடி இராமகிருஷ்ணன் நிறுவிய கணித அறிவியல் நிறுவனத்தில், இமயத்துச் சிகரம் ஒன்றின் பெயரைத் தாங்கிய கப்ரு என்னும் லினக்ஸ் கொத்து அமைக்கப்பட்டது. ஒவ்வொன்றிலும் இரு செயலிகள் கொண்ட 144 கணனிகள் அதில் இருந்தன. அணுக்கருவின் உள்ளே இயங்கும் வன்விசையைக் கணிப்பதே அதன் நோக்கம். கொள்கையளவில் விநாடிக்கு 1,38,200 கோடிச் செய்கைகள் செய்யவல்ல அது, லின்பாக் வழிவந்த சோதனையில் 95,900 கோடியை எட்டி, 2004 ஜூன் மாத உலக 500 கணனிகள் பட்டியலில் 264 ஆம் இடத்தைப் பெற்றது. ஏறக்குறைய நூற்றுக்கு 69 பங்கு. எஞ்சிய 31 பங்கு கணனிகளுக்கிடையிலான உரையாடலிலும் நினைவகக் காத்திருப்பிலும் கழிந்தது. அச்சோதனையின் பெரும்பகுதி தாயப் பெருக்கலேயாதலின், அடியிலுள்ள பிளாஸ் மெதுவானதாயின் வன்பொருள் எத்துணைச் சிறந்ததாயினும் இவ்விடம் கிட்டியிராது.

இனி நிறுவும் முறை. டெபியன் வழிவந்த லினக்ஸ் முறைமைகளில் மாதிரிப் பிளாஸ், அட்லஸ், ஓப்பன்பிளாஸ் ஆகியன ஒரே பெயரின் கீழ் மாற்றுகளாக அமையுமாறு ஏற்பாடு செய்யப்பட்டது. செய்நிரல் தேடுவது 'லிப்பிளாஸ்' என்னும் பெயரையே. அப்பெயரோ ஒரு சுட்டி. அது எந்நூலகத்தைச் சுட்ட வேண்டும் என்பதை 'அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ்' என்னும் கட்டளை தீர்மானிக்கும். ஒவ்வொரு மாற்றுக்கும் ஒரு முன்னுரிமை எண் உண்டு. ஓப்பன்பிளாஸ் பொதியை நிறுவியவுடன், எவரும் வேறு தெரிவு செய்திராவிடில், எண்ணிற் கூடிய அதுவே தானாகத் தெரிவாகும். பழைய செய்நிரலைத் திரும்பத் தொகுக்க வேண்டியதில்லை. 1979 இன் உடன்படிக்கை ஈண்டுப் பயன் தருகின்றது. பெடோரா முறைமை 2020 இல் பிளெக்சிபிளாஸ் என்னும் இடைநூலகத்தைக் கைக்கொண்டு இதே பயனை வேறு வழியில் அடைந்தது.

பொதியை நிறுவியதோடு வேலை முடிந்ததெனக் கருதுவோர் ஏமாறுவர். செய்நிரல் உண்மையில் எந்நூலகத்தைப் பற்றிக்கொண்டுள்ளது என்பதை 'எல்டிடி' என்னும் கட்டளையால் நோக்குதல் முதற் கடமை. பைதன் மொழியின் நம்பையைப் பொதுக் களஞ்சியத்திலிருந்து நேரே பெற்றோர், முறைமையின் தெரிவை எத்தனை முறை மாற்றினாலும் மாற்றம் காணார். அப்பொதி தனக்கென ஓர் ஓப்பன்பிளாஸைத் தன்னுள்ளேயே கொண்டு வருவதே காரணம். இழைகளின் எண்ணிக்கையும் கவனிக்கற்பாலது. நூலகம் செயலியின் எல்லாக் கருக்களையும் பிடித்துக்கொள்ள, மேலுள்ள செய்நிரலும் தன் பங்குக்குப் பல இழைகளைத் தொடங்குமாயின், ஒன்றையொன்று இடறி, வேகம் கூடுவதற்கு மாறாகக் குறையும். சூழல் மாறி ஒன்றால் நூலகத்தின் இழைகளைக் கட்டுப்படுத்தலாம். நூலகத்தை மாற்றியபின் விடையின் கடைசி இலக்கங்கள் மாறக் கண்டு அஞ்சுவோரும் உளர். கூட்டும் ஒழுங்கு மாறினால் மட்டந்தட்டற் பிழையும் மாறும். தூரிங் 1948 இல் எழுதியது இதனையே. நடு இலக்கங்கள் மாறினால் மட்டும் அஞ்சுக. அப்போதும் குற்றம் நூலகத்தினதா, சமன்பாடுகள் ஒன்றையொன்று ஏறக்குறைய ஒத்திருப்பதால் வந்த வினையா என்று ஆராய்ந்தபின்னரே முடிவு கூறுக.

இனி மீரியபெத்தச் சரிவுக்குத் திரும்புவோம். சரிவை ஆயிரக்கணக்கான சிறு மூலகங்களாகப் பிரித்து, ஒவ்வொரு முனையின் பெயர்ச்சியையும் தெரியாக் கணியமாகக் கொண்டால், விறைப்புத் தாயம் ஒன்று கிடைக்கும். மண்ணின் இயல்பைப் பற்றிய சில எடுகோள்களில் அது சமச்சீர் கெடும். ஏனையவற்றிற் சொலெஸ்கியின் முறை அப்படியே பொருந்தும். 20,000 தெரியாக் கணியங்கள் உள்ள நிறைதாயம் ஒன்றை அம்முறையாற் காரணிப்படுத்த ஏறக்குறைய 2,66,700 கோடிச் செய்கைகள் வேண்டும். விநாடிக்கு 100 கோடி செய்யும் மாதிரிப் பிளாஸுக்கு 44 நிமிடம் ஆகும். 5,000 கோடி செய்யும் நூலகத்துக்கு 53 விநாடி. ஒரு முறையாயின் வேறுபாடு பெரிதன்று. மழைநீர் மண்ணுள் ஏற ஏற நிலை மாறுமாதலின், வெவ்வேறு நீர்மட்டங்களுக்கும் மண்வலிமைகளுக்கும் 300 முறை கணிக்க வேண்டுமெனக் கொள்க. மாதிரி நூலகம் ஒன்பது நாட்களுக்கு மேல் எடுக்கும். மற்றது நாலரை மணி நேரத்துக்குள் முடிக்கும். வடகீழ்ப் பருவமழை ஒன்பது நாள் காத்திருப்பதில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டம் பட்டதை அறிந்தோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

உண்மையான சரிவுக் கணிப்பில் தாயத்தின் பெரும்பாலான கட்டங்கள் பூச்சியமாகவே இருக்கும் என்றும், ஆகவே நிறைதாயக் கணக்கு பொருந்தாதென்றும் ஒரு தடை எழுப்பலாம். தடை நியாயமானதே. ஆயினும் ஐதான தாயங்களைக் காரணிப்படுத்தும் சிறந்த செய்நிரல்களும், பூச்சியமல்லாத பகுதிகளைச் சிறு நிறைதாயங்களாகத் திரட்டி, அவற்றை மூன்றாம் படிநிலைப் பிளாஸிடமே ஒப்படைக்கின்றன. மற்றொரு தடை இதனினும் கனமானது. எத்துணை விரைவிற் கணித்தாலும், மண்ணின் வலிமையை அறியாமற் கணித்த விடை எண்களின் அடுக்கு மட்டுமே. வடிகாலைத் துப்புரவாக வைத்திருத்தல், மழைமானியை ஒழுங்காக வாசித்தல், எச்சரிக்கப்பட்ட லயன்களில் வாழ்வோருக்கு வேறிடத்தில் நிலமும் வீடும் கொடுத்தல் ஆகிய மூன்றின் இடத்தையும் எந்த நூலகமும் நிரப்பாது. மீரியபெத்தையில் எச்சரிக்கை முன்னரே இருந்தது. குறைந்தது வேறொன்று. கணிப்பால் ஆவது, எந்த லயன் முதலில் எழ வேண்டும் என்று கூறுவோரின் சொல்லுக்கு வலுச் சேர்த்தல். அதுவும் காலத்தே கிடைத்தாற்றான்.

வேகமான நூலகம் விலைக்கு வாங்க வேண்டியதாயிருந்த காலத்தில் இக்கேள்வி மலைநாட்டில் எழவே வழியிருக்கவில்லை. இன்டெல் கம்பனி தன் நூலகத்தைப் பிற்காலத்தில் இலவசமாகவே வழங்கிற்று. ஆயினும் அதன் உள்ளமைப்பு மூடியது. பிறர் செய்த செயலிகளில் அது தன் முழு வேகத்தைக் காட்டவில்லை என்பது பயனாளரின் நெடுநாள் முறைப்பாடு. அக்கம்பனியின் தொகுப்பி பற்றிய இதையொத்த குறைகள் அமெரிக்க வணிக ஆணையம் வரை சென்று, 2010 இல் உடன்பாடு ஒன்றில் முடிந்தன. உள்ளமைப்புத் திறந்ததாயின் இத்தகைய ஐயத்தை எவரும் தாமே சோதித்துத் தீர்த்துக்கொள்ளலாம்.

2005 இல் பதுளையில் தொடங்கப்பெற்ற ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தின் மாணவருக்கும், அப்புத்தளைப் பாடசாலை ஒன்றில் எவரோ கொடுத்த பழைய கணனியின் முன் அமரும் தோட்டத்துப் பிள்ளைக்கும், தரமணி ஆய்வாளர் பயன்படுத்தும் நூலகமே கிடைக்கின்றது. டெபியன் பொதியிலுள்ள ஓப்பன்பிளாஸ் பல தலைமுறைச் செயலிகளுக்குரிய உட்பகுதிகளை ஒருங்கே சுமந்து வருகின்றது. செய்நிரல் தொடங்கும்போது செயலி எதுவென நோக்கி, அதற்குரியதைத் தானே தெரிந்துகொள்ளும். பதினைந்து ஆண்டு பழைய பொறியாயினும், அப்பொறிக்கென ஒருவர் முன்பு கையால் எழுதிய பெருக்கலே அதில் ஓடும்.